கடலோரத்தில் ஏழு வருடம் நின்ற மாருதி 800: ஜாம் ஆன எஞ்சினை விடுவித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1998-ஆம் ஆண்டு மாருதி 800. கார்புரேட்டர் மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், மண்டைக்காட்டுக்கும் கொளச்சலுக்கும் இடையில், கடலிலிருந்து நடந்து போகிற தூரம். வண்டியை வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2016 தொடக்கத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் காரைத் தென்னந்தோப்பு ஓரத்து ஷெட்டில் ஏற்றி, கைப்பிரேக் போட்டு நிறுத்தினார்கள். அடுத்த வருடம் அவர் காலமானார். அதற்கப்புறம் யாரும் சாவியைத் தொடவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் இந்த மாவட்டத்தை அடித்துப்போட்டபோது ஷெட்டின் தகர ஷீட்டில் பாதி பறந்துவிட்டது. பானெட் இருந்த பக்கம் திறந்து கிடந்தது. ஒரு நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். நம் மாவட்டத்தில் ஜூனில் இடவப்பாதி மழை, அது ஓய்ந்ததும் ஐப்பசி, கார்த்திகை மழை. இரண்டும் முழுசாகக் கிடைக்கிற இடம் இது. அதோடு உப்புக் காற்று. உப்பு படிந்த இரும்பு, மழை இல்லாத நாளிலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தார்ப்பாய் மழையைத் தடுத்தது, ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்தது.

2022 கிறிஸ்துமஸ் லீவில் வளைகுடாவிலிருந்து வந்த மகன் அப்பாவின் காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். பேட்டரி மாற்றி செல்ஃப் அடித்தார்கள். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். தெரிந்த ஒருவர் பிக்கப் வண்டியில் கயிறு கட்டி, இரண்டாவது கியரில் போட்டு இழுத்துப் பார்த்தார். முன் டயர் இரண்டும் சுற்றாமல் மணலில் கோடு போட்டுக்கொண்டே போயின. அதற்குப் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். அந்த இழுப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

முதல் நாள்: ஜாம் எஞ்சினிலா, வேறெங்காவதா?

வண்டி நகரவில்லை என்றால் எஞ்சின்தான் பிடித்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. பிரேக் டிரம் பிடித்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் பேரிங் இறுகியிருக்கலாம், செல்ஃப் மோட்டாரின் பல் ஃப்ளைவீலில் சிக்கியிருக்கலாம். இதில் எதுவாக இருந்தாலும் செல்ஃப் அடித்தால் அதே ‘டக்’தான்.

நியூட்ரலில் போட்டு முன் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிச் சுற்றினோம். இரண்டும் சுற்றின. அப்போது கியர்பாக்ஸும் ஹப்பும் சரி. பின் டிரம் இரண்டும் கைப்பிரேக்கோடு சேர்ந்து பிடித்திருந்தன. அது தனி வேலை, இப்போதைக்கு வண்டி உருளாமல் நிற்க அதுவே வசதி. ஃபேன் பெல்ட்டைக் கழற்றினோம். ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் கையால் சுற்றின. செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தனியாக பேட்டரியில் வைத்தபோது நன்றாக ஓடியது. கடைசியாக கிராங்க் (பிஸ்டன்களால் சுற்றும் தண்டு) புல்லி போல்ட்டில் ராட்செட் மாட்டி, ஒரு கை பலம் மட்டும் கொடுத்துப் பார்த்தோம். கல்லில் மாட்டியது மாதிரி இருந்தது. ஆக எஞ்சின்தான்.

சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போல்ட்டைத் தளர்த்தினோம். முதலில் ஒரு ஸ்பூன் அளவு தண்ணீர், அப்புறம் கறுப்பு ஆயில். பால் கலந்த மாதிரி வெளுப்பு இல்லை. ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கேஸ்கெட் போய் ரேடியேட்டர் தண்ணீர் இறங்கியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். இது காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்த தண்ணீர்.

பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணை ஊதிவிட்டு (ஏர் ஃபில்டர் குழாயின் வாயில் குளவிக் கூடு ஒன்று கெட்டியாக உட்கார்ந்திருந்தது), மூன்று பிளக்கையும் கழற்றி, போனில் மாட்டுகிற சின்ன கேமரா வயரை உள்ளே விட்டோம். முதல் சிலிண்டரில் லேசான மங்கல், அவ்வளவுதான். மூன்றாவதில் பிஸ்டன் அடியில் இருந்தது, சுவர் சாம்பல் நிறத்தில் சுத்தமாகத் தெரிந்தது. இரண்டாவதில் கேமரா நுழைந்ததுமே திரை செம்மண் நிறமாகிவிட்டது. பிஸ்டனுக்கு மேலே தெரிந்த இரண்டு செ.மீ. சுவர் முழுக்கத் துரு. பிஸ்டன் தலையின் ஓரத்தில் துருப்பொடி வட்டமாகக் குவிந்து கிடந்தது.

ஏன் அது மட்டும்? டேப்பெட் கவரை (வால்வுகளுக்கு மேலிருக்கும் மூடி) திறந்ததும் பதில் கிடைத்தது. வண்டி நின்ற நிலையில் இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு திறந்திருந்தது. முதலாவதின் இரண்டு வால்வும் மூடியிருந்தன. மூன்றாவதின் இன்டேக் (காற்று உள்ளே வரும்) வால்வு மூடும் தறுவாயில் இருந்தது, ஆனால் அந்த வழிக்கு ஃபில்டரும் குளவிக் கூடும் காவல். சைலன்சர் குழாயோ மேனிஃபோல்டுக்குக் கொஞ்சம் கீழே அரித்து விரல் நுழையும் அளவு ஓட்டையாகியிருந்தது. ஏழு வருடம் கடல் காற்று அந்த ஓட்டை வழியே நேராக இரண்டாவது சிலிண்டருக்குள் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

ஹெட்டைத் திறப்பதா, ஊறவைப்பதா?

ஹெட்டைத் திறந்தால் பார்த்துச் செய்யலாம். ஆனால் ஏழு வருடம் உப்பில் நின்ற ஹெட் போல்ட்டில் ஒன்று முறிந்தாலும் வேலை இரட்டிப்பு. இப்போது உரிமையாளரான மகனுக்கு லீவு முடிய ஐந்து வாரம்தான் பாக்கி. செலவும் ஒரு காரணம். ஆர்.சி. 2018-லேயே முடிந்துவிட்டது. 15 வருடம் தாண்டிய காருக்கு அதைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. டயர், பிரேக், டேங்க் என்று வரிசையாக நிற்கிறது. முதலில் எஞ்சின் அசைகிறதா என்று பார்ப்போம், அசைந்தால் மேற்கொண்டு செலவழிக்கலாம் என்று பேசி முடித்தோம். வீட்டு அம்மா மட்டும் வாசலில் நின்று, “எவ்வளவு ஆனாலும் பரவால்ல மக்களே, ஒடச்சு மட்டும் போட்டிராதீங்க” என்றார்.

ஊற்றுவதற்கு முன்பு ஒரு வேலை. ஆறு ராக்கரின் (வால்வை அழுத்தும் நெம்பு) அட்ஜஸ்ட் ஸ்க்ரூக்களையும் தளர்த்திவிட்டோம். ராக்கர் அழுத்தாவிட்டால் ஸ்பிரிங்கே வால்வுகளை மூடிவிடும். மூடினால் உள்ளே ஈரம் போகாது, எஞ்சினைத் திருப்பும்போது பிஸ்டன் வால்வில் இடிக்குமோ என்ற பயமும் இல்லை, பழைய டைமிங் பெல்ட் மீதும் பாரம் ஏறாது. ஐந்து வால்வு ஒழுங்காக மூடின. இரண்டாவதின் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் கீழேயே நின்றது. ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விரல் நகம் தாராளமாக நுழைந்தது. தண்டு கைடில் (அது ஏறி இறங்கும் குழாயில்) பிடித்திருக்கிறது. தண்டின் அடியில் துருநீக்கி ஸ்ப்ரே அடித்து, ஒரு மணி நேரம் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் மேலிருந்து மெதுவாகத் தட்டினோம். பிஸ்டன் இரண்டு செ.மீ. கீழே இருப்பதால் வால்வு கொஞ்சம் இறங்கினாலும் இடிக்காது. தட்டுவதும் ஸ்ப்ரே அடிப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்ததில், சாயங்காலம் நாலரை மணிக்கு ‘டப்’ என்று எழும்பி மூடியது. இதைப் பார்க்காமல் எஞ்சினைத் திருப்பியிருந்தால், திறந்தபடி நின்ற வால்வை நோக்கிப் பிஸ்டனை அனுப்பியிருப்போம்.

ஊறவைத்த நாட்கள்

ஒவ்வொரு சிலிண்டருக்கும் 40 மி.லி. ஊற்றினோம். இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மி.மீ., அதனால் 40 மி.லி. ஊற்றினால் பிஸ்டன் தலைமேல் சுமார் 1 செ.மீ. உயரம் நிற்கும். ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) இருக்கும் விளிம்பு முழுக்க நனைய அது போதும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி. இரண்டும் பிரிந்து நிற்கும் சாதி, ஒவ்வொரு தடவையும் பாட்டிலைக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும், பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. எது ஊற்றினால் நல்லது என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். டீசல் என்பார்கள், மண்ணெண்ணெய் என்பார்கள், நம்ம ஊர் என்பதால் தேங்காய் எண்ணெய் என்று சொன்னவரும் உண்டு. அது மட்டும் வேண்டாம். மற்றபடி என் அனுபவத்தில் மருந்தைவிட நாட்கள்தான் வேலை செய்கின்றன.

மறுநாள் சிரிஞ்சில் டியூப் மாட்டி உறிஞ்சி அளந்தோம். மூன்றாவதில் ஒன்றுமே மிச்சமில்லை, ரிங் வழியாக சம்ப்புக்கு இறங்கிவிட்டது. முதலாவதில் 5 மி.லி. இரண்டாவதில் 35. அதாவது அங்கே ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளியே இல்லை, துரு அடைத்து நிற்கிறது. இரும்பு துருவானால் பருமன் கூடும். ரிங் உட்காரும் பள்ளத்துக்குள் அது உப்பி ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும்.

மூன்று நாள் 35, 34 என்றே இருந்தது. மகன் தினமும் போன் செய்து, “அண்ணே, ஒரு நீளக் கம்பி போட்டுத் திருப்பினா என்ன?” என்று கேட்டார். ஐந்தாம் நாள் 22. ஆறாம் நாள் 9. எஞ்சின் இன்னும் அசையவில்லை, ஆனால் எண்ணெய் வழி கண்டுபிடித்துவிட்டது. கம்பி போடாமல் காத்திருக்க இந்த அளவுதான் எங்களுக்குத் தெம்பு கொடுத்தது.

எந்தப் பக்கம் திருப்புவது?

இந்த வேலையில் நாங்கள் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்தது என்றால் இரண்டாவது பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது வண்டி நின்றிருக்கிறது. எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் திருப்பினால் அது இன்னும் மேலே, துரு பிடித்த இரண்டு செ.மீ. சுவருக்குள் போகும். எதிர்த்திசையில் திருப்பினால் கீழே இறங்கும். கீழே உள்ள சுவர் ஏழு வருடமும் பிஸ்டனின் மறைவில், சம்ப் ஆயிலின் பசையோடு இருந்த சுவர். அங்கே துரு இருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே முதல் அசைவு பின்பக்கமாக இருக்க வேண்டும்.

பிக்கப்பில் கட்டி இழுத்தது முன்பக்கமாக. முன் டயர் இரண்டின் பலத்தையும் போட்டு, பிஸ்டனைத் துருவுக்குள் ஆப்படித்திருக்கிறார்கள்.

புல்லி போல்ட்டைப் பின்பக்கம் திருப்பினால் எஞ்சின் திரும்புவதற்கு முன்பு போல்ட் கழன்றுவிடும். அதனால் சக்கரம் வழியாகப் போனோம். பேட்டரி வயரைக் கழற்றி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இடது முன் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நான்காவது கியரில் போட்டோம். ஒரு சக்கரம் தரையிலும் ஒன்று அந்தரத்திலும் இருக்கும்போது, டயரில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதிதான் கிராங்குக்குப் போய்ச் சேரும். எங்களுக்கு வேண்டியதும் அந்தக் குறைவான பலம்தான். எவ்வளவு ஆத்திரத்தில் ஆட்டினாலும் கனெக்டிங் ராடை (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) வளைக்கிற அளவுக்குக் கை பலம் வராது.

டயரை இரண்டு கையால் பிடித்து ஆட்டினால் கியர் பல்லின் இடைவெளியிலேயே சக்கரம் ஒன்றிரண்டு விரல் அகலம் ஆடும். எஞ்சின்தான் அசைகிறது என்று ஏமாந்துபோவது சுலபம். அதனால் புல்லியின் விளிம்பிலும் அதற்கு நேரே கவரிலும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, அதைப் பார்க்கவே ஒரு பையனை உட்கார வைத்தோம். ஆறாம் நாள் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் காலையிலும் இல்லை. மதியம் மறுபடி 20 மி.லி. ஊற்றி, சாயங்காலம் ஆட்ட ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இருக்கும். “அண்ணே, கோடு வெலகுது” என்றான். ஒரு நூல் அளவு. உடையும் சத்தமோ வெடிப்போ இல்லை, அம்மியில் கல்லுப்பு அரைபடுகிற மாதிரி ஒரு கிர்ர்.

அதே நூல் அளவை முன்னும் பின்னும் ஆட்டி, ஒவ்வொரு சுற்றிலும் பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாக விட்டோம். இருட்டுவதற்குள் பிஸ்டன் அடிக்கு வந்துவிட்டது. கேமராவில் பார்த்தபோது மேலே இரண்டு செ.மீ. செம்பழுப்புப் பட்டை, அதற்கடியில் ரிங் பிடித்திருந்த இடத்தில் ஒரு கறுத்த கோடு, அதற்குக் கீழே பளபளவென்று சாம்பல் நிறச் சுவர்.

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் அடியில் இருக்கும்போதே மேல்சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்வது. இல்லையென்றால் அப்படியே எண்ணெயில் ஊறவிட்டு மெல்ல மேலே ஏற்றுவது. நாள் குறைவு, எஞ்சின் அசைந்த சந்தோஷம் எல்லாருக்கும். இரண்டாவது வழியில் போனோம். இரண்டு நாள் துருப்பொடியைக் கம்ப்ரஸரில் ஊதி, உறிஞ்சி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினோம். ஒன்பதாம் நாள் முழுச் சுற்று.

ஸ்டார்ட் ஆன நாள்

பிஸ்டன் மேலிருந்த எண்ணெய் எல்லாம் சம்ப்பில் கலந்திருக்கும் என்பதால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். புது டைமிங் பெல்ட் போட்டு, மார்க் பார்த்து, டேப்பெட் வைத்தோம். டேங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் வாசனையில் தேன் நிறமாகியிருந்தது. டேங்கை இறக்கிவிட்டு, பானெட்டில் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு அதிலிருந்து கார்புரேட்டருக்கு லைன் கொடுத்தோம். பிளக் மாட்டாமல், துளைமேல் துணி போட்டு செல்ஃப் அடித்தபோது மிச்சமிருந்த எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பிளக்கை மாட்டியபின் அடித்திருந்தால் அந்த எண்ணெய் வெளியேற வழியில்லாமல் ராடை வளைத்திருக்கலாம். ஆயில் விளக்கு அணையும்வரை இப்படியே சுற்றவிட்டோம்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்): முதலாவது 160 பிஎஸ்ஐ, மூன்றாவது 155, இரண்டாவது 95. நல்ல செய்தி இல்லை. இருந்தாலும் மூன்றாவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிஷம் தோப்பு முழுக்க வெள்ளைப் புகை, அப்புறம் அது குறைந்து, லேசான நீலப் புகை மட்டும் நிற்கவே இல்லை. வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின் டிரம், பிரேக் சிலிண்டர் கப், டயர், சைலன்சர் எல்லாம் மாற்றி, ஆர்.சி. புதுப்பித்து, மகன் லீவு முடிந்து போவதற்கு முன்பு தக்கலை வரை ஒரு தடவை ஓட்டினார்.

மூன்று மாதம் கழித்து

அதன்பின் வண்டியை ஓட்டியவர் மகனுடைய மச்சினன். சுமார் 600 கி.மீ. ஓடியபின் கம்ப்ரஷன் பார்த்தோம். இரண்டாவது 95-லிருந்து 110 ஆனது, அதற்கு மேல் ஏறவில்லை. அந்த பிளக் வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெயில் நனைந்து அடைத்துக்கொண்டது. ஏப்ரலில் ஹெட்டைத் திறந்தோம்.

இரண்டாவது பிஸ்டனின் மேல் ரிங் இரண்டு துண்டாக இருந்தது. ரிங் பிடித்திருந்த அந்தக் கறுத்த கோட்டில் சுவர் குழி குழியாக அரித்திருந்தது, நகத்தால் தடவினால் தட்டியது. ரிங் எப்போது உடைந்தது என்று சொல்ல வழியில்லை. கயிறு கட்டி இழுத்தபோது உடைந்திருக்கலாம். நாங்கள் துருச் சுவரில் ஏற்றியபோதும் உடைந்திருக்கலாம். பழியை முழுக்க அந்தப் பிக்கப் மேல் போட எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

சிலிண்டரை 0.25 மி.மீ. ஓவர்சைஸில் கடைந்து அகலமாக்கினாலும் குழி போகாது என்று லேத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று சிலிண்டரையும் 0.50 மி.மீ.-க்கு ரீபோர் செய்து, புது பிஸ்டன், ரிங் போட்டோம். மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டாலும் பாகங்களுக்கு நாகர்கோவிலைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. ஹெட் போல்ட் ஒன்றுகூட முறியவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஜனவரியில் நாங்கள் அதற்குத்தானே பயந்தோம். இப்போது மூன்றிலும் கம்ப்ரஷன் ஒரே அளவு, புகை இல்லை.

மறுபடி செய்தால்

வால்வை முதலில் விடுவித்தது, சக்கரம் வழியாக ஆட்டியது, பின்பக்கம் முதலில் திருப்பியது, இவற்றை அப்படியே செய்வேன். ஏழாம் நாள் சாயங்காலம் எடுத்த முடிவை மாற்றுவேன். பிஸ்டன் அடிக்கு வந்து, சுவர் கண்ணுக்குத் தெரிந்த அந்த நேரத்திலேயே ஹெட்டைக் கழற்றியிருக்க வேண்டும். குழி அப்போதே தெரிந்திருக்கும். கேஸ்கெட், டைமிங் பெல்ட் மாற்றும் கூலி, ஆயில் எல்லாம் இரண்டு தடவை செலவானது அதனால்தான். லீவு முடியப்போகிறது என்பது எஞ்சினுக்குத் தெரியாது என்று உரிமையாளரிடம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

உறிஞ்சி அளந்த கணக்கை முதல் நாளிலிருந்தே நோட்டில் எழுதி மகனிடம் காட்டியிருந்தால், தினமும் அந்தக் கம்பிக் கேள்வி வந்திருக்காது என்றும் தோன்றுகிறது.

கார் இப்போது மச்சினன் வீட்டில், கருங்கல் பக்கம், கான்கிரீட் ஷெட்டில் நிற்கிறது. அவர் ஊரில் இல்லாத மாதங்களுக்கு ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறோம். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி நிறுத்தி, ஆறியபின் பிளக் துளைகளில் ஒரு மூடி ஆயில் விட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றி, சைலன்சர் வாயில் ஆயில் நனைத்த துணியை அடைக்க வேண்டும். கைப்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை. ஸ்டியரிங்கில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்குகிறது: “சைலன்சரில் துணி இருக்கிறது, எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யவும்.”